எதிர் கிளினிக்கில் ஏறிய பிரஷர்

சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று கிடையாது. வாத்தியாருக்கு மாலை போட்டு வழியனுப்புவார்கள். தாசில்தாருக்கு விருந்து வைப்பார்கள். எங்களுக்கோ, கை நடுங்கி, ஊசி நோயாளியின் கையில் இறங்காமல் நாற்காலியின் கைப்பிடியில் இறங்குகிற நாள்தான் கடைசி வேலைநாள். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில், தென்காசியில் தொழில் சூடுபிடித்திருந்த எனக்கு இது உறைக்கவே இல்லை. முதுமை என்பது நோயாளிகளுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் (இத்தனைக்கும் மருத்துவம் படித்தவன்).

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் நீண்டுகொண்டே போனது. காதில் தண்ணீர் புகுந்தவர்கள், பாறையில் வழுக்கியவர்கள், குளித்த பசியில் பரோட்டாவை அளவில்லாமல் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என்று என் கிளினிக் நிரம்பி வழிந்தது. மார்ச் மாதம் ஆடிட்டர் என் வருமானத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். வரி பலமாக விழுமாம். மாதக் கடைசிக்குள் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தால் வரியும் கொஞ்சம் குறையும், வயதான காலத்துக்கும் ஏதாவது கைக்கு வரும் என்றார்.

ஏஜென்ட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. என் மனைவி சரஸ்வதியின் தம்பி ஆறுமுகமே ஏஜென்ட். என் கல்யாணப் பந்தியிலேயே பாலிசி பற்றிப் பேசியவன். எல்லாம் எழுதி முடித்தபின், மெடிக்கல் செக்கப் இருக்கிறது என்றான். நானே டாக்டர்தானே, நானே எழுதித் தந்துவிடுகிறேன் என்றேன்.

"ஒங்க ஒடம்பு நல்லாருக்குன்னு நீங்களே எழுதுனா எவன் ஒத்துக்கிடுவான் அத்தான்? கம்பெனி லிஸ்ட்ல இருக்குத டாக்டருதான் பாக்கணும்."

லிஸ்ட்டில் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து இரண்டே பேர். ஒருவர் கடையநல்லூர்க்காரர், மகனைப் பார்க்க துபாய் போயிருந்தார். மற்றவர் என் கிளினிக்குக்கு நேர் எதிரே கிளினிக் வைத்திருந்த பெரிய டாக்டர்.

அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் எல்லா வியாதிக்கும் ஒரே மிக்சரைக் கலர் மாற்றிக் கொடுக்கிறார் என்று நான் சொல்லித் திரிந்தேன். படித்தது நிறைய, பார்த்தது கொஞ்சம் என்று என்னைப் பற்றி அவர் சொல்லித் திரிந்தார். ஊர் என்னைச் சின்ன டாக்டர் என்றது. அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல்.

வேறு வழியில்லாமல், ஊர் சாப்பிட்டுத் தூங்கும் மத்தியான வெயிலில், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் புளியறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாக்கியத்தாச்சி, என்னிடம் வாயுத் தொல்லைக்கு மருந்து வாங்க சீக்கிரமே பஸ்ஸேறி வந்து, பூட்டிக்கிடந்த என் கிளினிக் படியில் உட்கார்ந்திருந்தார்.

பெரிய டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். மறுபடி காற்றடித்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் என் ரத்தம் இன்னும் கொதித்தது.

"பிரஷர் ரொம்ப ஏறிக் கெடக்கு தம்பி. இத எழுதுனா கம்பெனிக்காரன் ஒங்கள எடுக்க மாட்டான். நாளைக்கு மனச அமைதியா வச்சிக்கிட்டு வாங்க."

மனதை அமைதியாக்க ஆறுமுகம் ஒரு வழி கண்டுபிடித்தான். மறுநாள் காலை என்னை ஸ்கூட்டரில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனான். மார்ச் மாதத்து அருவி எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களான எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பாறையில் ஒரு கோடு போலத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதைத் தலையில் வாங்க நான் பாறையோடு பாறையாக ஒட்டி, பல்லியைப் போல நிற்க வேண்டியிருந்தது. சீசன் முடிந்ததிலிருந்து ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த எண்ணெய் மசாஜ்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். அத்தனை நாள் தேங்கிய உழைப்பை எல்லாம் என் ஒருவன் முதுகில் இறக்கினார்.

நேராக அங்கிருந்து பெரிய டாக்டரிடம். தலையில் எண்ணெய் வழிய, கண் சிவந்து, அடுக்குத் தும்மலோடு வராந்தாவில் ஏறினால், பெஞ்சு முழுக்க என் நோயாளிகள். என்னுடைய சர்க்கரை, என்னுடைய மூட்டுவலி, என்னுடைய ஆஸ்துமா, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாக்கியத்தாச்சி.

"ஏட்டி, நவுண்டு ஒக்காரு. நம்ம டாக்டரும் வந்திருக்காவ" என்று பக்கத்தில் இருந்தவளை நகர்த்தி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். எனக்கே முடியாமல் போனால் நான் வருவது இங்கேதான் என்று தெரிந்தபின், நடுவில் என்னிடம் ஏன் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது அவர்கள் வாதம். குறை சொல்ல முடியவில்லை.

எனக்கு ஒரு நோயும் இல்லை, இன்ஷூரன்ஸுக்காக வந்தேன் என்று விளக்கினேன். அப்படியென்றால் என்ன என்று ஆச்சி கேட்டார். நான் செத்தால் வீட்டுக்குப் பணம் வரும் என்றேன். (அதோடு நிறுத்தினேன். உயிரோடு இருந்தாலும் அறுபது வயதில் வரும் என்பதைச் சொல்வதற்குள் ஒரு தும்மல் வந்துவிட்டது.) பெஞ்சு மொத்தமும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஆஸ்துமா மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"அந்த அளவுக்குப் போயிட்டா அய்யா?"

உள்ளே போய்க் கையை நீட்டினேன். பிரஷர் குழந்தைக்கு இருப்பது போல இருந்தது. இனி போவதற்கு மானம் எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்து ரத்தம் அடங்கிவிட்டதோ என்னவோ. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். அவர் ஏதாவது பாலிசி எடுத்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"எனக்கு இருக்குத பிரஷருக்கு எவன் குடுப்பான்? ஊருல பாதிப் பேருக்கு எழுதிக் குடுத்தாச்சு, நம்மள எழுத ஆளில்ல" என்றவர், வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இத்தன பேர என்னால பாக்க முடியாது. போம்போது பாதிப் பேர ஒங்க பக்கம் கூட்டிட்டுப் போயிருங்க."

கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் சாகப்போவதில்லை என்று ஊர் நம்புவதற்கு அடுத்த சீசனும் முடிய வேண்டியிருந்தது. அதுவரை என் கிளினிக்கில் ஈயும் நானும்தான். பெரிய டாக்டர் மட்டும் சாயங்காலங்களில் களைத்துப்போய்த் தெருவைக் கடந்து வந்து, என் காலி நாற்காலிகளில் ஒன்றில் காலை நீட்டிக்கொண்டு காப்பி குடிப்பார். அடுத்த மார்ச்சில் ஆடிட்டர் என் வருமானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு, கட்ட வேண்டிய வரி ஒன்றுமே இல்லை, இவ்வளவு திறமையாக வரியைக் குறைத்த டாக்டரைத் தான் பார்த்ததில்லை என்றார். சரஸ்வதி அப்போது அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பாலிசி முடிந்து, பணம் வந்து, மாடியில் ஓர் அறையும் கட்டியாகிவிட்டது. மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான். மார்ச் பிறந்தால் தவறாமல் போன் செய்து, வரி குறைய ஏதாவது வழி உண்டா என்று என்னைக் கேட்பான். நான் வாயைத் திறப்பதற்குள் சரஸ்வதி போனை வாங்கிக்கொள்வாள்.

"ஏலே, ஒங்கப்பாட்ட மட்டும் கேட்டுராத. அவுக சம்பாத்தியத்த ஒழிச்சில்லா வரிய ஒழிப்பாவ."