இறக்கத்துச் சிங்கம்

எனக்கு எந்தத் தொழிலையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், ஜீப் கழுவி, ஜீப் ஓட்டி, ஜீப் வாங்கி, இன்று ஏற்காட்டில் சொந்தமாக லாட்ஜ் நடத்துகிறேன் என்றால் எல்லாம் இந்த மூளைதான். (சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.) இதே மூளைதான் அறுபது வயதில் என்னை மல்லூர் புளியமரத்தடியில் மல்லாக்கப் படுக்க வைத்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சேலத்துச் சைக்கிள்காரர்கள் ஒரு கூட்டமாக மலையேறி வந்து எங்கள் லாட்ஜில் தங்கியதில் ஆரம்பித்தது எல்லாம். அவர்களுக்குத் தலைவி கஸ்தூரி, மாட்டு டாக்டர். வந்து சேர்ந்ததும் ஆளாளுக்குத் தொடையைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். அடுத்ததாக ராமேஸ்வரம் வரை போகப்போகிறார்களாம்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஏற்காடு வந்ததுக்கே இந்தப் பாடு. ராமேஸ்வரத்துக்கு எப்படிப் போவீங்க? வேணும்னா நான் முன்னால போயி வழிகாட்டட்டுங்களா?" என்றேன்.

"தாராளமா வாங்கய்யா. ஆனா பழகிட்டு வரோணும். கெளம்புறதுக்கு முன்னால சேலத்துல ஒரு வெள்ளோட்டம் வெப்போம். அதுல தேறுனாத்தான் சேத்துக்குவோம்."

எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது என்பதை அப்போது சொல்லத் தோன்றவில்லை. மலையில் பிறந்தவனுக்குச் சைக்கிள் எதற்கு? நடந்தோம், பிறகு ஜீப் வந்தது. மறுநாளே சேலத்தில் ஒரு கியர் சைக்கிள் வாங்கி, சேர்வராயன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, லாட்ஜுக்கு முன்னால் இருக்கும் சரிவிலேயே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன்.

அப்புறம் தினமும் விடிகாலையில் பயிற்சி. ஊர் எல்லையில் ஏறி உட்கார்ந்தால் மலையடிவாரத்தில் குப்பனூரில்தான் காலை ஊன்றுவேன். பின்னாலேயே எங்கள் டிரைவர் பழனி ஜீப்பில் வருவான். சைக்கிளை ஏற்றிக்கொண்டு, டீ குடித்துவிட்டு மேலே வந்துவிடுவோம்.

சும்மா உட்கார்ந்து போனேன் என்று நினைக்காதீர்கள். வழி நெடுக பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை இரண்டும் பணியாரமாக வீங்கிவிட்டன. தோசையைப் பிய்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரி சரசு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, சைக்கிள்ல போனா காலுதானுங்களே வலிக்கோணும்?"

"பழக்கமில்லாதவங்களுக்குக் காலு வலிக்கும். நமக்கெல்லாம் கைதான்," என்றேன். (மனதார நம்பித்தான் சொன்னேன்.)

நான் போகும் தூரத்தையும் வேகத்தையும் டாக்டரம்மா போனில் ஏற்றிக் கொடுத்த ஆப் கணக்குப் பண்ணி, சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடும். 'அய்யா, இந்த வயசுல இந்த வேகமா' என்று வந்து விழுந்த கும்பிடுகளைப் பார்த்து எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளெக்ஸ் வைத்தேன்: 'ராமேஸ்வரம் புறப்படும் ஏற்காட்டுச் சிங்கமே.' கீழே 'நண்பர்கள் குழு' என்று போட்டிருந்தது. அந்தக் குழுவில் நான் மட்டும்தான் இருந்தேன். இனி வெள்ளோட்டத்தில் தேறாவிட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கம் தலைகாட்ட முடியாது.

வெள்ளோட்டம், சேலத்திலிருந்து ராசிபுரம் போய்த் திரும்புவது. சரசு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு பழனியோடு ஜீப்பில் வந்தாள். என் வேகத்தை மதித்து டாக்டரம்மா என்னை முதல் ஆளாக நிறுத்தினார். விசில் ஊதினார்கள். கம்பீரமாக ஏறி உட்கார்ந்தேன்.

சைக்கிள் நகரவில்லை.

ஒரு மிதி மிதித்தேன். கொஞ்சம் போய் நின்றது. பிரேக் பிடித்துக்கொண்டதோ என்று இறங்கிப் பார்த்தேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி ஏறி மிதித்தால், மிதிக்கு மிதி செக்கு இழுப்பது போலிருக்கிறது. (சைக்கிளில் கியர் என்று ஒன்று இருப்பது தெரியும். அதை மாற்ற வேண்டும் என்பது தெரியாது.) எப்படியோ ஊர் தாண்டும்போது கடைசி ஆளாகியிருந்தேன். பக்கத்தில் வந்த டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, இறக்கம் எங்கீங்க ஆரம்பிக்குது?"

"எந்த இறக்கமுங்க?"

"ராசிபுரம் போற இறக்கம்."

"இது சமதரைங்கய்யா. மிதிச்சுக்கிட்டேதான் போகோணும்."

"மிதிச்சுக்கிட்டேவா?"

"ஊடு போய்ச் சேர்ற வரைக்கும்."

மல்லூரில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி, புளியமரத்தடியில் சாய்ந்தேன். டாக்டரம்மா காலைப் பிடித்து நீவிவிட்டார். கைப்பழக்கம் போலிருக்கிறது, "ஹோ, ஹோ, உதைக்கக் கூடாது" என்றார்.

"அய்யா, தெனமும் ஏறி வந்துதானுங்களே பழகுனீங்க?"

"ஏறுறதுக்குத்தான் ஜீப் இருக்குதுங்களே."

அந்த இடத்தில் முதலில் சிரித்தவள் சரசு. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சேக்க முடியாதுங்க," என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரசுவின் பிறந்த ஊர் மல்லூருக்குப் பக்கம்தான். "சைக்கிளு சும்மாத்தானே நிக்குது, அண்ணன் ஊடு வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க," என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் சவ்வரிசி மில் வேலைக்குத் தினமும் சைக்கிளில் போய் வந்தவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். (நான் கேட்டதில்லை.) டாக்டரம்மா கியரைத் தளர்த்திக் கொடுத்தார். அது பெண்கள் ஓட்டும் சைக்கிள் என்பதையும் போகிற போக்கில் சொன்னார். சரசு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். டாக்டரம்மாவும் முன்னால் போன கூட்டத்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். விழுந்துவிட்டாளோ என்று பழனியை அனுப்பப் போனேன். அதற்குள் ராசிபுரம் போன கூட்டம் திரும்பி வந்தது. நடுவில் சரசு, டாக்டரம்மாவோடு நாத்தனார் கதை பேசிக்கொண்டே வருகிறாள்.

"அண்ணன் ஊடு பூட்டியிருந்துச்சுங்க. அதான் அப்பிடியே ராசிபுரம் போயிட்டு வந்துட்டேன்."

ராமேஸ்வரத்துக்கு அவள்தான் போனாள். தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிய ஜீப்பை ஓட்டிக்கொண்டு பின்னால் நான் போனேன். அந்த ஜீப் இல்லாவிட்டால் ஒருத்தரும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். வழியெல்லாம் முன்னால் போகும் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நன்றாகத்தான் இருந்தது.

கடற்கரையில் எல்லோரும் கைதட்ட, அவள் நேராக என்னிடம் வந்து சைக்கிளைக் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. இதுக்கு மேல கடலு. இறக்கந்தான். நீங்க ஓட்டுங்க."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது பெருமையடிக்க ஆரம்பித்தால், பேத்தி உட்பட எல்லோரும் ஒரே குரலில் "கடல் வந்துருச்சு, ஓட்டுங்க" என்கிறார்கள். மற்றவர்களுக்கு எப்போதாவதுதான். எனக்குத் தினமும் காலை டீயோடு ஒன்று கிடைத்துவிடுகிறது.