கோட்டுக்குள் ஒரு டி-ஷர்ட்

இனிமேல் என் உடம்பில் எந்தத் துணி ஏறுவது என்பதை நானே முடிவு செய்வேன்!

இந்தச் சபதத்தை நான் எடுத்தது இன்டர்வியூவுக்கு முதல் நாள் சாயங்காலம், குளியலறைக்குள், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று குழாயையும் திறந்து விட்டிருந்தேன்.

என் மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின். அவள் டேப்பைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. ஆளை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். மறுநாள் துணி கச்சிதமாக வந்து உட்காரும். அப்படிப்பட்டவளின் புருஷன் தன் சட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொள்ள முடியுமா? கல்யாணமான நாளிலிருந்து அந்த இலாகா அவளுடையதுதான்.

நான் சோபா விற்றவன். கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை சோபாவில் உட்கார்ந்து காட்டுவதுதான் என் உத்தியோகம். "எவ்வளவு சுகம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி உட்கார்ந்ததில் சோபாக்கள் எல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. தொப்பை மட்டும் என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒருநாள் முதலாளி கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போனார். நான் என் வீட்டோடு வந்து சேர்ந்தேன். மாதக்கணக்கில் மெஷின் ஓடுகிறது, குடும்பம் ஓடுகிறது, நான் மட்டும் ஓடவில்லை. அவள் அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவள் சொல்லாததை அவள் தம்பி சொன்னான். அவனுக்குத் தண்ணீர் கேன் வியாபாரம்.

"எதுக்கு மாமா கவலை? நம்ம கடையில ஒரு ஸ்டூல் போட்டுடறேன். வர்ற ஃபோன எடுத்தா போதும். திங்கட்கிழமை வந்துடுங்க."

என் கல்யாணத்தில் என் மடியிலேயே தூங்கிப்போன பயல்! அவனிடம் போய் நான் கைகட்டி நிற்பதா? நின்றால்கூடப் பரவாயில்லை, ஸ்டூலில் உட்காரச் சொல்கிறான். முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில், சோபா விற்ற நான்! திங்கட்கிழமைக்குள் ஒரு வேலை கிடைக்காவிட்டால் என் மானம் கேனோடு கேனாக வீதி வீதியாகப் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் மனைவி ஒரு செய்தி கொண்டுவந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு ஜிம். அங்கே பயிற்சி கொடுப்பவர்களின் டிராக் பேன்ட்டுக்கெல்லாம் இவள்தான் நாடா மாற்றித் தருகிறாள். வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசிச் சேர்த்துவிட அவர்களுக்கு ஒரு மேனேஜர் வேண்டுமாம்.

"பேசறதுக்கு உங்களுக்குச் சொல்லியா தரணும்? நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

குளியலறைச் சபதம் முடிந்து வெளியே வந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, வாய் தவறிக் கேட்டுத் தொலைத்தேன்:

"நாளைக்கு நான் என்ன போட்டுக்கறது?"

"கோட்டு."

"ஜிம்முக்கா?"

"இன்டர்வியூக்கு."

"அங்க எல்லாரும் பனியனும் டிராக் பேன்ட்டுமா நிப்பாங்களே?"

"நிக்கட்டும். நீங்க மேனேஜர்."

"வேர்க்குமே?"

"ஜிம்முல வேர்க்காம?"

"டை வேறயா?"

"டை கட்டினாத்தான் கழுத்துன்னு ஒண்ணு இருக்கறது தெரியும். இப்ப தலைக்கு அடுத்தது நேரா வயிறுதான்."

"என் வயித்துல உனக்கு என்ன குறை?"

"குறையா? நிறையத்தானே இருக்கு!"

"சரி, கோட்டே போட்டுக்கறேன்" என்றேன் பணிவாக.

அந்தப் பணிவை நம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உடை விஷயத்தில் அவள் எதைச் சொன்னாலும் சரி என்பேன். தெருமுனை தாண்டியதும் அதற்கு நேர்மாறாகச் செய்துவிடுவேன். சட்டையை உள்ளே விடச் சொன்னால், முனையில் வெளியே இழுத்துவிடுவேன். கையை மடித்து அனுப்பினால் இறக்கிவிடுவேன். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக நுழைவேன். என் இல்லறத்தில் எனக்கு மிஞ்சிய சுதந்திரம் அந்தத் தெருமுனைதான்.

எனவே, அவள் கோட்டு என்றாளா? டி-ஷர்ட் என்று முடிவாகிவிட்டது. நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எந்த வண்டியையும் கவிழப்போகிறது என்றே பார்த்துப் பழகிய கண்கள்.

"டி-ஷர்ட் நல்ல யோசனை சார். டைட்டா இருக்கணும். ஆனா ஒண்ணு, வண்டியோட முன்பக்கம்..." என்று என் வயிற்றைப் பார்த்து நிறுத்தினார்.

"அதுக்குத்தான் சார் உங்ககிட்ட வந்தேன்."

"மூச்சைப் பிடிச்சுக்கங்க."

"அரை மணி நேரமா?"

அவர் உள்ளே போய்த் தன் டி-ஷர்ட் ஒன்றையும் டிராக் பேன்ட்டையும், கூடவே அகலமாக ஒரு பெல்ட்டையும் கொண்டுவந்தார். பெல்ட் முதுகு வலிக்குக் கட்டுவது. நாள் முழுக்கக் கற்றுக்குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டதில் அவருக்கு வந்த சொத்து அது. இறுக்கிக் கட்டிப் பார்த்தோம். தொப்பையைக் காணோம்! எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் மார்புக்கு ஏறியிருந்தது போலும். கண்ணாடியில் நான் பயில்வானாகத் தெரிந்தேன். பூரித்துப்போய் அவர் கையைக் குலுக்கினேன். பேசத்தான் முடியவில்லை.

பெல்ட், டி-ஷர்ட், டிராக் பேன்ட் எல்லாவற்றையும் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் பழைய பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். மெஷின் சத்தம் நிற்கவே இல்லை. அவளாவது, பார்ப்பதாவது!

மறுநாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு உடுத்தினேன். முதலில் பெல்ட். அதன் மேல் டி-ஷர்ட். அதன் மேல் சட்டை. டை. கோட்டு. கீழே டிராக் பேன்ட்டுக்கு மேல் பேன்ட். கண்ணாடிக்கு முன் நின்றவன் வேலைக்குப் போகிறவனா, வெளியூருக்குப் பெட்டி இல்லாமல் கிளம்பியவனா என்று சொல்ல முடியாது. முன்னறைக்கு வந்ததும் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை! என் வயிற்றில் புளியைக் கரைத்தது. கரைக்க அங்கே இடம்தான் இல்லை.

"என்னங்க, ஒரே ராத்திரியில இளைச்சுட்டீங்க?"

"கவலை" என்றேன். அதற்கு மேல் மூச்சு இல்லை.

"அய்யோ பாவம்" என்று டையைச் சரிசெய்தாள். "தைரியமாப் போங்க. உங்களுக்குத்தான் கிடைக்கும்."

அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தேன். ஆனால் தெருமுனை கண்ணில் பட்டதும் சங்கடம் பறந்துவிட்டது.

முனையில் பக்கத்து வீட்டுக்காரர் காரோடு காத்திருந்தார். பின்சீட்டில் வெங்காயம் உரிப்பது போல என்னை நானே உரித்தேன். கோட்டு, டை, சட்டை, பேன்ட். பழக்கதோஷத்தில் அவர் ஒவ்வொரு சந்துக்கும் படீரென்று பிரேக் போட்டதில் நானும் பேன்ட்டும் முன்சீட்டுக்கு வந்து வந்து போனோம். ஜிம் வாசலில் இறங்கியபோது நான் புத்தம்புது மனிதன்.

உள்ளே எனக்கு முன்பே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்குக் கை என் தொடை அளவு இருந்தது. இன்னொருவனுக்குத் தொடை என் அளவு இருந்தது. மூன்றாமவன் கோட்டு போட்டு வந்து, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து மனதுக்குள் சிரித்தேன். பாவம், மனைவி பேச்சைக் கேட்டிருப்பான்!

என் முறை வந்தது. முதலாளியம்மா ஒல்லியாக, முடியைக் குட்டையாக வெட்டி, சிரித்த முகமாக இருந்தார்.

"முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"சோபா. வித்தேன்."

"அதாவது, இவ்வளவு நாள் எல்லாரையும் உக்கார வெச்சீங்க."

"ஆமா மேடம். எழுப்பி விடணும்னு. ஆசை."

"ஏன் விட்டு விட்டுப் பேசறீங்க?"

"யோசிச்சு. பேசற. சுபாவம்."

"உடற்பயிற்சி உண்டா?"

"தினம். காலையில."

"அப்படியா!" என்று மேஜைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "உங்க ஷூ கயிறு அவுந்திருக்கு பாருங்க."

குனிந்தேன்.

முதலில் 'டர்ர்' என்றது. அப்புறம் 'பட்' என்றது. அப்புறம் ஒரே விடுதலை! டி-ஷர்ட் மளமளவென்று மேலே சுருண்டது. பெல்ட் என்னை விட்டுப் பறந்து போய் எடை மெஷின் மேல் விழுந்தது. கோபித்துக்கொண்டு போயிருந்த உறவுக்காரர் திரும்பி வந்தது போல, தொப்பை முழு உரிமையோடு என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டூல் தெரிந்தது. மைத்துனன் தெரிந்தான். டையைச் சரிசெய்த மனைவியின் முகமும் தெரிந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"மன்னிச்சிடுங்க மேடம்" என்றேன், முழு மூச்சோடு. "பயிற்சியெல்லாம் பொய். எழுந்து நின்னா எனக்கு என் ஷூவே தெரியாது. கயிறு அவுந்தது நீங்க சொல்லித்தான் தெரியும். ஆனா ஒண்ணு, மனுஷங்ககிட்டப் பேச எனக்குத் தெரியும். வாசல்ல தயங்கி நிக்கறவன் மனசு தெரியும். ஏன்னா இப்ப நான் வெளிய நின்னப்ப, அப்படியே திரும்பி ஓடிடலாமான்னுதான் நினைச்சேன்."

முதலாளியம்மா மேஜையைத் தட்டினார்.

"இதுதான் சார் எனக்கு வேணும்! வாசல்ல இந்தப் பயில்வானுங்கள உக்கார வெச்சேன். வர்ற ஜனங்க இவனுங்க கையப் பாத்துட்டு, வழி மாறி வந்துட்டோம்னு சொல்லிக் கம்பி நீட்டிடறாங்க. உங்களப் பாத்தா, அட, நம்மள மாதிரி ஒருத்தர்னு உள்ள வருவாங்க. திங்கட்கிழமை வந்துடுங்க. யூனிஃபார்ம் உண்டு."

திங்கட்கிழமை! மைத்துனன் ஸ்டூலைத் துடைத்து வைத்திருப்பான், துடைக்கட்டும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நடந்தேதான் வீட்டுக்கு வந்தேன். கோட்டு காரிலேயே போய்விட்டது என்பது வாசற்படி ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. வந்தால் என்ன? ஜெயித்தவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

"கிடைச்சுடுச்சு!" என்று முன்னறையில் நின்று முழங்கினேன். "ஏன் கிடைச்சுது தெரியுமா? உன் பேச்சக் கேக்காததாலதான்! கோட்டு போட்டுட்டுப் போனவனத் திரும்பிக்கூடப் பாக்கல. டி-ஷர்ட்! என் சொந்த முடிவு!"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்கூட எட்டிப் பார்த்தது. அப்புறம் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துக்கொண்டே கேட்டாள்:

"பெல்ட் எப்ப அறுந்துச்சு? குனிஞ்சப்பவா?"

நான் சோபா இல்லாத இடத்தில் உட்காரப் போய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பெல்ட்டா? உனக்கு... நீதான் அத அறுத்தியா?"

"ராத்திரி நீங்க தூங்கினப்ப, கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுத்துப் பாதிதாங்க வெட்டினேன். மீதிய உங்க வயிறே பாத்துக்கிச்சு."

"அப்ப கோட்டு போடச் சொன்னது?"

"டி-ஷர்ட்னு சொல்லியிருந்தா, முனையில போய்க் கோட்டு மாட்டியிருப்பீங்க. அந்த முனைக் கடைக்காரம்மா எத்தனை வருஷமா எங்கிட்டச் சொல்லிச் சிரிக்கறாங்க!"

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு, தொப்பை இருக்கறவங்களத்தான் தேடறாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?"

போயிருக்க மாட்டேன். ரோஷம் வந்து, கட்டிலில் படுத்திருப்பேன். அதனால் பேச்சை மாற்றினேன்.

"போகட்டும். யூனிஃபார்ம் தருவாங்களாம். அதையாவது நானே போய் வாங்கிக்கறேன்."

"தெச்சு முடிச்சாச்சே" என்று மெஷின் மேலிருந்து நீலத் துணி ஒன்றை எடுத்து உதறினாள். என் அளவு டி-ஷர்ட். தோள் கச்சிதம். கை கச்சிதம். வயிறு இருக்கும் இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மஞ்சள் நூலில் எம்பிராய்டரி: 'நீங்களும் இங்கிருந்து தொடங்கலாம்!'

"இந்த வாசகம் யாரு எழுதிக் குடுத்தது?" என்றேன்.

"நாந்தான்" என்று என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னும் பெரிய எழுத்தாவே போட்டிருக்கலாம். இடந்தான் தாராளமா இருக்கே."