அபிசீனியாவுக்கு ஒரு வாக்குக் குறைந்தது

இத்தாலி படையெடுத்த அபிசீனியாவின் தலைவிதி ஜெனீவாவின் சர்வதேச சங்கத்தில் தீர்மானிக்கப்பட்டதாக நினைப்பவர்கள் இலங்கையின் மாத்தளையை அறியாதவர்கள். 1935 ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொக்கோக் கடை மாடியில் அது தீர்மானிக்கப்பட்டது. எங்கள் 'மாதிரிப் பாராளுமன்றம்' கூடுவது அங்கேதான். நான் அதன் கௌரவ காரியதரிசி.

கோட்டுப் போட்ட, தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி இராசமாணிக்கம் எழுந்து, "எந்த மக்களும் தம் விருப்பப்படி வாழ உரிமையுடையவர்கள்" என்ற தீர்மானத்தை முன்மொழிந்தார். ஜெனீவாவுக்கு அனுப்பத் தந்தியும் தயார்.

எதிர்க்கட்சித் தலைவர் ஏலக்காய் வியாபாரி அப்துல் ஸமத் பதறினார். "கனம் சபாநாயகர் அவர்களே, அவங்களுக்குக் குடுத்தா நாளைக்கி எல்லாரும் கேப்பாங்களே!"

அந்நேரம் படியேறி வந்தாள் மாரியாயி, கங்காணியின் ஆட்களில் ஒருத்தி.

"ஐயா, மகளுக்கு இது நெறமாசம். பலாபத்வலப் பக்கம் அவ தோட்டத்துலயே பேர் பதியப்போறேன். பத்துச்சீட்டக் குடுத்துருங்க."

பத்துச்சீட்டு என்பது வேலையிலிருந்து விடுவித்ததாகத் தோட்டத்துத் துரை தரும் தாள். அது இல்லாமல் எந்தத் தோட்டமும் சேர்க்காது. துரை கையெழுத்திட்டு மூன்று மாதமாகியும் அது கங்காணியின் கோட்டுப் பையிலேயே இருந்தது. அவளைப் போல் கொழுந்தெடுக்க ஆளில்லையாம்.

"இங்க மக்களோட உரிமையப் பத்திப் பேசுறோம். மக்கள் கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார் சபாநாயகர் பொன்னுத்துரை, கண்ணியமாக.

வாக்கெடுப்பு ஐந்துக்கு ஐந்து. இரு தலைவர்களின் வீட்டுக் கல்யாணத்துக்கும் அழைப்பு வந்திருந்ததால் சபாநாயகர் 'நடுநிலை' வகித்தார். நான் விதி பதினான்கைப் படித்தேன். மழைக்காலத்தில் ஆள் சேராமல் நாங்களே இயற்றியது: சபைக்குள் இருக்கும் எவரும் வாக்களிக்கலாம்.

எல்லாத் தலைகளும் ஓரமாகத் திரும்பின.

"மாரியாயி, கையத் தூக்கும்மா" என்றார் கங்காணி. அந்த 'அம்மா' புதிது.

"எதுக்குங்க?"

"அபிசீனியாக்காரங்க அவங்க இஷ்டப்படி இருக்கணும்னு."

"நல்லதுதாங்க. சீட்டக் குடுங்க, தூக்குறேன்."

"மொதல்ல தூக்கு!"

"மூணு மாசமா அப்பறம் தர்றேன்னுதாங்க சொல்றீங்க."

செய்தி எடுக்க வந்திருந்த பத்திரிகை நிருபர் மூலையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். கங்காணியின் கை மெல்லப் பைக்குள் போனது. மாரியாயி தாளை விரித்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு கைகளையும் தூக்கினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விதிப்படி ஒன்றை மட்டும் எண்ணினேன்.

தந்தி போயிற்று. மாரியாயியும் பஸ் ஏறிப் போனாள். ஜெனீவாவிலிருந்து பதில் இல்லை. ஆனாலும் எங்கள் பாராளுமன்றம் ஓர் உயிருக்காவது விடுதலை வாங்கித் தந்தது என்று அறிக்கையில் பெருமையோடு எழுதினேன்.

அடுத்த ஞாயிறு மாடிப்படியில் பத்துச்சீட்டுக்காகப் பதினேழு பேர் காத்து நின்றார்கள். கதவைச் சாத்திவிட்டு, விதி பதினான்கை ஒருமனதாக ரத்து செய்தோம். முன்மொழிந்தவன் நான்.