ஒரு விளி விளிச்சாப் போதும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எந்த இடைவழியில் நடந்தாலும் எதிர்ப்படும் ஓர் உயிரினத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். பெயர்: விளிச்சாப்போதும்காரர். முதுமையும் தனிமையும் சேர்ந்து ஒரு வாசலில் நின்றால் இவர் வண்டியை நிறுத்துவார், இன்ஜினை நிறுத்தமாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, "அக்கா, எந்து வேணும்னாலும் ஒரு விளி விளிச்சாப் போதும், நான் இங்க உண்டாக்கும்!" என்பார். பதில் வருமுன் பஞ்சாயத்து எல்லையைத் தாண்டியிருப்பார்.

மரண வீட்டில் சொல்வார், கல்யாணப் பந்தியில் சொல்வார், ரேஷன் கடை வரிசையில் சொல்வார், சொல்லச் சொல்ல ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்த களைப்பு முகத்தில் படர, வீட்டுக்குப் போய்ச் சாயா குடித்துவிட்டு நிம்மதியாக உறங்குவார். பொய்யா? இல்லவே இல்லை. மெய்தான், வண்டி வளைவில் திரும்பும்வரை ஆயுள் உள்ள மெய். தத்துவ நூல்கள் இந்த வகை உண்மைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

சரி, யாராவது உண்மையிலேயே விளித்துவிட்டால்?

விளித்தார், தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் தனியாக வாழும் விஜயம்மா. இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை மாத்திரை எது, பிரஷர் மாத்திரை எது என்று விரலால் தடவித்தான் பிரிக்கிறார். அறுவைக்குத் திங்கட்கிழமை இடம் கிடைத்திருந்தது. தவறினால் மழைக்காலம் கழிய வேண்டும். ஆனால் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. மகன் சார்ஜாவில். வீடியோவில் அழுவான், அவ்வளவுதான்.

"பொன்னப்பா, திங்களாழ்ச்ச எனக்கக்கூட ஆஸ்பத்திரியில ஒரு ஆளு இருக்கணும்."

நம் இனத்தின் முதல்தர மாதிரியான பொன்னப்பன் திகைத்துப்போனார். இவரை இதுவரை யாரும் விளித்ததில்லை!

"ஒண்ணுக்கும் பேடிக்காண்டாம் அக்கா. இப்பம் எல்லாம் சரியாக்குதேன்!"

சரியாக்குவது என்றால் இங்கே என்ன? சமிதி அமைப்பது. மாலைக்குள் 'விஜயம்மா நேத்திர சகாய சமிதி' பிறந்துவிட்டது. தலைவர், ஒருவர் கோபித்துக்கொண்டதால் உபதலைவர், அதனால் இன்னொருவர் கோபித்துக்கொண்டதால் இன்னோர் உபதலைவர், கன்வீனர் பொன்னப்பன், வாட்ஸ்ஆப் குழு நிறையக் கைகூப்பிய படங்கள். உத்காடனம், அதாவது தொடக்க விழா, வாசகசாலையில். எல்லோருக்கும் வசதியான ஒரே நாள் திங்கட்கிழமை! விளக்கேற்ற ஒருவர், வரவேற்க ஒருவர், நன்றி சொல்ல ஒருவர் என்று எல்லோரும் மேடைக்கு வேண்டியவர்கள். ஆஸ்பத்திரிக்கு? மிச்சமில்லை.

அழைக்க வந்தார் பொன்னப்பன்.

"அக்கா முன்வரிசையில இருக்கணும், கேட்டேளா?"

"அண்ணைக்கில்லாடே எனக்க ஆப்பரேசன்?"

"அது... வேற நாளு கிட்டாதா? இங்க போர்டு அடிச்சாச்சுல்லா!"

வேலிக்கு அப்புறம் ஒரு தலை எழுந்தது. சௌதாமினி. எல்லை தாண்டிச் சாயும் பலாக்கிளை ஒன்றுக்காக விஜயம்மாவோடு வருஷக்கணக்கில் சண்டை போடுபவர். எதற்கும் கூப்பிடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாசமாய்ப் போ என்று சொன்னதுண்டு.

"எலே பொன்னப்பா, ஒனக்க விளக்க நீ கொளுத்து. இவகூட நான் போறேன்."

"நீயா? எதுக்குட்டி?" என்றார் விஜயம்மா.

"ஒனக்குக் கண்ணு தெரியல்லேன்னா நான் யாருட்ட வழக்குப் பிடிக்க? மொகத்தக் கோணிக் காட்டினா ஒனக்கு ஒரு மண்ணும் தெரியல்ல. பிடிச்சு ஒரு சொகமும் இல்ல, பாத்துக்க."

ஆட்டோவில் காரக்கோணம் ரோடு முழுக்கச் சண்டை. அறுவை முடிந்தது. மறுநாள் கண்கட்டை அவிழ்த்ததும் விஜயம்மா பக்கத்தில் இருந்தவரை உற்றுப் பார்த்தார்.

"எட்டீ சௌதாமினி, நீ என்ன இப்பிடிக் கெழடாயிட்டே?"

"சவமே! கண்ணு தெளிஞ்சுபோச்சே!" என்று சௌதாமினி கூவிய கூவலில் நர்ஸ் ஓடிவந்து இருவரையும் அதட்ட வேண்டியதாயிற்று.

உத்காடனமும் சிறப்பாக நடந்தது. பயனாளி வராதது குறித்துத் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் தெருவில் தனித்திருக்கும் ஒருவரிடம் போய் உங்களைப் பற்றி விசாரித்தால் என்ன சொல்வார்? "நல்ல மனுசனாக்கும், வழக்குக்கும் சண்டைக்கும் வரமாட்டாரு" என்பாரா? அப்படியானால் கொஞ்சம் பயப்படுங்கள். பொன்னப்பனைப் பற்றியும் ஊர் அப்படித்தான் சொல்கிறது.