முப்பத்து மூன்று பேர் நின்ற மைதானம்

அடுத்த ஆட்டத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் கேட்டைத் தாண்டிவிட்டேன். எங்களை அழைத்து வந்த பள்ளி வேன் உள்ளேதான் நின்றது. அதில் எனக்கும் ஒரு சீட் இருந்தது. ஆனாலும் நடந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு, பதினொரு மணி வெயிலில், கண்டெய்னர் லாரிகளின் ஓரமாக. கழுத்தில் விசில் தொங்கியது. (கழற்றத் தோன்றவில்லை. இரண்டு லாரிக்காரர்கள் என்னை டிராபிக் ஆள் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார்கள். அன்று என்னை மதித்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.)

ஓர் இடத்தை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் கோவில்பட்டியை விட்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் கோழி பிடித்தேன், பிறகு ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை மாட்டினேன். எங்கிருந்து கிளம்பினாலும் திரும்பிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. அன்று நான்கு தடவை திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவேன். பாதிப் படிப்போடு ஊர் ஊராகப் போகிறவனுக்கு அது ஒரு வசதி. அந்த வசதிதான் என்னைப் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச் ஆக்கியது.

சீட் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து அறையில் சும்மா இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அசாம், ஒடிசா பையன்கள் வல்லக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மைதானத்தில் பந்து ஆடுவார்கள். நானும் போவேன். ஒரு ஞாயிறு ஏதோ கணக்கெடுப்பு வேலையாக வந்த தலைமையாசிரியை, நான் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். எனக்கு யாரும் பந்து தரவில்லை என்பதற்காகக் கத்தினேன். அவர் அதைப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டார்.

"பசங்களுக்குக் கோச்சிங் குடுத்திருக்கீங்களா தம்பி?"

தலையாட்டினேன்.

அந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இடம் இரண்டு வருடமாகக் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஆள் தேடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை நான் கோச்.

மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மூலையில் டிரான்ஸ்பார்மர் நின்றதால் அந்தக் கார்னரிலிருந்து கார்னர் கிக் கிடையாது. ஒரு கோல் கம்பம் மற்றதைவிட ஒரு முழம் உயரம். ஊர்ச் சாலையில் இடமில்லாத டிரெய்லர்கள் மதியம் வரை உள்ளே நிற்கும். அவை போன பிறகு எண்ணெய்க் கறைமேல் மண் போட்டுவிட்டுத்தான் பயிற்சி. இரண்டு பிள்ளைகள் அண்ணன்களின் சேஃப்டி ஷூவைப் போட்டு வந்தார்கள். அவர்கள் உதைத்தால் பந்து அழும்.

பதினொரு பேர் வேண்டும் என்று சொன்னேன். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்ப மனமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பிரித்தேன். ஏ ஷிப்ட் பதினொன்று, பி ஷிப்ட் பதினொன்று.

பேக்டரியில் ஷிப்ட் மாறும்போது வேலையை விட்டு ஓடிவிடக் கூடாது. அடுத்த ஆள் வந்து நின்றதும், மெஷின் எப்படி இருக்கிறது, எந்தப் பாகம் தகராறு செய்கிறது என்று சொல்லி ஒப்படைத்த பிறகுதான் நகரலாம். அதையே மைதானத்திலும் வைத்தேன். பாதி நேரம் ஆனதும் விசில். பி ஷிப்ட் பிள்ளை உள்ளே போய் ஏ ஷிப்ட் பிள்ளையின் பக்கத்தில் நிற்கும். "அந்த ரெட்டை ஜடை இடது பக்கமாவே ஓடுது, வலது பக்கம் வுட்டுடு" என்று ஏ ஷிப்ட் சொல்லும். பி ஷிப்ட் கேட்டுக்கொள்ளும். பிறகு ஏ ஷிப்ட் வெளியே வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அக்காவோ பேக்டரியில்தான் இருந்தார்கள். அதனால் ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு சும்மா ஆடியபோது, இரண்டாம் பாதியில் களைத்துப்போன எதிரணியைப் புதிய கால்கள் பிய்த்து எடுத்தன. இது உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று நினைத்தேன். (அது மட்டும் சரி.)

ஏ ஷிப்டுக்குக் கேப்டன் யமுனா. பத்தாம் வகுப்பு. அவளுடைய அப்பா ஏழுமலைக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் டிபன் தள்ளுவண்டி. காலை ஐந்தரைக்கு முதல் கம்பெனி பஸ் வருவதற்குள் வண்டியில் இட்லி தயாராக இருக்க வேண்டும். யமுனா தட்டு கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். எங்கள் பள்ளி பத்தாவதோடு சரி. பதினொன்றாவதுக்குப் படப்பைக்குப் பஸ் ஏற வேண்டும். ஏழுமலை என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"கெவுருமெண்டு ஸ்போர்ட்ஸ் ஆஸ்டல்ல எடுத்துக்கினா போவட்டும் தம்பி. சோறு துணி செலவு மிச்சம், அதுல ஒரு ஆள வெச்சிக்குவேன். இல்லன்னா அது வண்டிலதான் நிக்கணும். அவங்கம்மாவுக்கு முட்டி போச்சு."

ஆகவே வட்டாரப் போட்டியில் முதல் ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டும். மறுநாள் நடக்கும் அடுத்த ஆட்டத்தைப் பார்க்க விடுதியின் தேர்வாளர் வருவார். யமுனா ஆடினால் அவர் எடுத்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு இருந்த ஒரே குறை நான்தான்.

போட்டி அலுவலகத்தில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் விதிமுறைகள் கொடுத்தார்கள். துணைக்கு வந்த கணக்கு ஆசிரியை கிரேஸ் டீச்சர், "படிச்சிட்டீங்களா தம்பி?" என்றார். தலையாட்டிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன். வீராங்கனைகள் பட்டியலில் பதினாறு வரிதான் இருந்தது. அச்சடித்தவர்கள் இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, மீதி ஆறு பேரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

அது ஒரு தனியார் பள்ளி மைதானம். புல் இருந்தது. இரண்டு கோல் கம்பங்களும் ஒரே உயரம். பிள்ளைகள் புல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். முதல் பாதியில் யமுனா ஒரு கோல் போட்டாள். இடைவேளை முடிந்ததும் ஏ ஷிப்ட் பதினொரு பேரும் தங்கள் இடத்தில் போய் நின்றார்கள். நான் விசில் ஊதினேன். பி ஷிப்ட் பதினொரு பேரும் உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றார்கள். எங்களிடம் இருந்தது பதினொரு ஜெர்சிதான். பி ஷிப்டுக்குக் கம்பெனிகளில் பாதுகாப்பு வாரத்தில் கொடுத்த டி-ஷர்ட். நல்லவேளையாக (அப்போது அப்படித்தான் நினைத்தேன்) அதுவும் மஞ்சள்.

ரெப்ரி மேசைப் பக்கம் திரும்பி யாரிடமோ நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, பார்க்காமலே ஆட்டத்தைத் தொடங்க ஊதினார். எதிரணிப் பெண் பந்தைத் தட்டினாள். அது நேராக யமுனாவிடம் வந்தது. அவள் இன்னும் ஒப்படைத்து முடிக்கவில்லை. வந்த பந்தை விடுவானேன் என்று அடித்தாள். கோல்.

நான் குதித்தேன். குதித்து இறங்கியபோதுதான் வேறு யாரும் குதிக்கவில்லை என்று தெரிந்தது. மைதானத்தில் முப்பத்து மூன்று பேர் நின்றார்கள். ரெப்ரி விரல் நீட்டி ஒரு தடவை எண்ணினார். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினார்.

"யாருப்பா கோச்சு?"

கை தூக்கினேன்.

"இன்னா நடக்குது இங்க?"

"ஷிப்ட் மாறுது சார்."

"எத்தினி பேர மாத்தற?"

"எல்லாரையும் சார்."

"அஞ்சு பேருக்கு மேல மாத்தக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா?"

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே புரியவில்லை. அவர் விதிமுறைத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். என் கையெழுத்தைப் பார்த்தார். பட்டியலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கிறவர் முகம் அது.

"முப்பது வருசமா ஊதறேன்பா. இந்த மாதிரி ஒருத்தன நான் பாக்கல."

எதிரணிக் கோச் ஒரு தாளில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். ஆட்டம் அவர்களுக்குப் போனது.

"அப்ப நாளைக்கு மேட்ச் இல்லியா சார்?" என்று யமுனா கேட்டாள். நான் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்தேன். (போட்டிருந்தது செருப்பு.) கிரேஸ் டீச்சர், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதால் கிளம்பிவிட்டேன்.

ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் ஏதாவது பஸ் ஏறி, செங்கல்பட்டோ திண்டிவனமோ போய்விடுவது என்பது திட்டம். ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் கூட்டுரோடு. கூட்டுரோட்டில் ஏழுமலையின் வண்டி. மணி மூன்று இருக்கும். வேனில் வந்துவிட்ட யமுனா இட்லிக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் மஞ்சள் ஜெர்சியில்.

"வாபா கோச்சு. நடந்தேவா வந்த?" என்றார் ஏழுமலை.

"ஆமாண்ணே. வேன்ல ஏற மொகமில்ல."

"பதினைஞ்சு கிலோமீட்டர் நடந்தா மொகம் வந்துடுமா?"

யமுனா குண்டானிலிருந்து தலையைத் தூக்காமல், "நாங்க ஜெயிச்சிக்கினுதான் இருந்தோம்பா" என்றாள். அப்பாவிடம் சொன்னாள். ஆனாலும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"அண்ணே, காலைல வண்டில நான் நிக்கேன். சோறும் படுக்க ஒரு எடமும் போதும். புள்ளைய பதினொண்ணாவது அனுப்புங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொதல்ல அது பத்தாவது எழுதட்டும். நீ ஓடற ஆளாச்சே. எத்தினி நாளு நிப்ப?"

"தெரியலண்ணே."

"தட்டு கழுவுவியா?"

"சரியாத் தெரியாது. சொல்லிக் குடுங்க."

"விசில கழட்டி வெச்சிட்டு சாப்புடு" என்றார்.

அந்த வண்டியில் மூன்று வருடம் நின்றேன். வேறெங்கும் நான் அவ்வளவு நாள் நின்றதில்லை. யமுனா படப்பையில் பன்னிரண்டாவது முடித்து, இப்போது வல்லத்தில் ஒரு பேக்டரியில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறாள். நான் எந்த ஊரிலிருந்து போனாலும் அவர்கள் வீட்டு விசேஷத்தில் பந்தி போடுகிறவர் கேட்டுவிட்டுத்தான் போடுவார்: "கோச்சு, பதினோரு எல போட்டா போதுமா, பக்கத்துலயே இன்னும் பதினொண்ணு போடவா?" யமுனாவின் மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

அப்படி நடந்து வந்ததற்கு மறுநாள் காலை ஐந்தரைக்கு வேலையில் சேர்ந்தேன். முதல் பஸ் நின்று நாற்பது பேர் இறங்கினார்கள். நான் கழுவிய முதல் நான்கு தட்டுகளையும் ஏழுமலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டியிலேயே திருப்பிப் போட்டார். ஆறு மணிக்கு அவர் மனைவி சரோஜாக்கா சட்னி வாளியோடு காலை இழுத்து இழுத்து வந்தார்.

"பொண்ணு எங்க?" என்றார் ஏழுமலை.

"தூங்குது. எழுப்பல."

ஏழுமலை இட்லித் துணியைப் பிழிந்து வைத்தார். பிறகு யமுனா கழுவும் இரண்டாவது தட்டுத் தொட்டியையும் காலால் என் பக்கம் தள்ளினார்.