மெஹருன்னிசாவின் வயிற்றுக்கட்டுப் பெரும்போர்

வாழி மெஹருன்னிசா! ஒரே சூலில் இரட்டையரை ஈன்ற இணையிலாள், பெரியபட்டினத்துப் பெண்குலத்தின் பெருமிதத்தாள், மீன் ஆணம் ஆக்குவதில் மேதினியை வென்றாள், அவள் நாமம் வாழி! வாளேந்திப் போரிட்டவர்களைப் பாடிப் பாடி நாத்தேய்ந்த உலகமே, படுக்கையிலிருந்து எழுந்து உட்காரப் போரிட்டவளைப் பற்றியும் கொஞ்சம் கேள்.

பகைவன் வெளியே இல்லை. அவள் வயிற்றிலேயே இருந்தான். சுதந்திரம் வந்து ஏழாண்டு கடந்த அந்த ஐப்பசியில், பிள்ளைகள் இருவரும் பத்து மாதம் நெருக்கியடித்துக் குடியிருந்துவிட்டுப் போன கோலத்தில், நடுவயிற்றுத் தசை நெடுக விலகி நின்றது. எழ முயன்றால் கவிழ்த்துப் போட்ட தோணிபோல நடுவே ஒரு மேடு புடைக்கும். முதுகு கழன்று விழும். பெற்ற பிள்ளை அழுதால் எழுந்து எடுக்க அடுத்தவள் கையைப் பார்த்துக் கிடப்பதா என்று அவள் மனம் புழுங்கியது.

பேறுகாலப் பேரரசியும் முந்நூறு தொப்புள்கொடி அறுத்த முதுபெரும் மருத்துவச்சியுமான ராக்கு, அந்தப் பிளவில் விரல் வைத்து ஆழம் பார்த்து ஆணை பிறப்பித்தாள்: "மூணு விரக்கடை வெலகியிருக்கு தாயி. மெத்துனு பழைய வேட்டியா எடுத்துக் கட்டிவிடுறேன். நாப்பது நாள்ல ரெண்டு கரையும் கிட்ட வந்துரும். மூச்சு முட்டக் கட்டப்படாது. எந்திரிக்கையில ஒருக்களிச்சு எந்திரி." பன்னிரண்டு நாள் அவள் கையாலேயே கட்டு நடந்தது.

பதின்மூன்றாம் நாள் ராக்கு வேறொரு பேறு பார்க்கச் சாயல்குடி போனாள். அந்தோ, அன்றல்லவா களம் புகுந்தான் கணவன் சதக்கத்துல்லா! கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல், கடல் கொந்தளிக்கும் மாதமாகையால் கரையில் கைகட்டிக் கிடந்த காளை, பழந்துணியைக் கண்டு பழித்தான். தோணிக்கு வாங்கிய புதுப் பாய்த்துணியை மடித்தெடுத்தான். "கொண்டல் காத்தையே கட்டி இழுத்தவன் நான்! இந்த வயிறு எம்மாத்திரம்!" என்று முழங்கி, கட்டில் சட்டத்தில் காலை ஊன்றி, நங்கூரம் இழுத்துப் பழகிய தோள்கள் புடைக்க இழுத்து, புயலுக்கும் அவிழாத கடல்முடிச்சொன்று போட்டுவிட்டு, பெருமையோடு துறைக்குப் போய்விட்டான்.

பிறகு மூண்டது போர். மூச்சை உள்ளிழுத்தால் முடிச்சு இறுகியது. வெளிவிட்டால் இன்னும் இறுகியது. ஒரு தும்மல் மூக்குநுனிவரை படையெடுத்து வந்து வழியில்லாமல் திரும்பியது. மணக்க மணக்க வைத்த சோற்றில் மூன்றாம் கவளம் தொண்டையோடு நின்றது. அண்டை வீட்டுச் சல்மா ஓடிவந்து நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து, தேங்காயெண்ணெய் ஊற்றி, நகம் இரண்டும் மானம் ஒன்றும் இழந்து பின்வாங்கினாள். அந்நேரம் பார்த்து முரசிரண்டு முழங்கினாற்போலப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து வீறிட்டார்கள். மெஹருன்னிசாவுக்குக் கண் கலங்கியது. உடனே கோபமும் வந்தது.

"கொழும்புக்கு மச்சான் பாயில்லாமப் போகட்டும்! கத்திரியக் கொண்டாந்து வெட்டுடி சல்மா!" என்று எழுந்தது அவள் திருவாக்கு. தையல் கத்திரி சீறியது, பாய்த்துணி பிளந்தது, அடைபட்ட தும்மல் அண்டம் அதிர வெளிப்பட்டது. மாலையில் வந்த தண்டல், இரண்டாய்க் கிடந்த துணியைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான், ஊசிநூலை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனான். புத்தியுள்ளவன்.

சாயல்குடியிலிருந்து மீண்ட ராக்கு, தலையிலடித்துக்கொண்டு பழைய வேட்டியையே மறுபடி பதமாகக் கட்டினாள். நாற்பதாம் நாள் விடிந்தது. மூன்று விரல் மூழ்கிய பள்ளத்தில் ஒரு விரல்தான் இறங்கியது. அப்போது, தொட்டிலில் ஒரு குரல் எழ, நீட்டிய சல்மாவின் கையை ஒதுக்கிவிட்டு, கட்டுடை தரித்த அந்த வயிற்றுவேந்தி, ஒருக்களித்து, உள்ளங்கை ஊன்றி, புடைக்காத வயிறும் நோகாத முதுகுமாய், கரையேறும் அலையென எழுந்தாள், நின்றாள், நடந்தாள், தன் இரு கைகளாலும் தன் மகனை வாரியெடுத்தாள்.

பையன் மூத்திரம் பெய்திருந்தான்.