கலர் சாரின் அசல் நிறம்

"அப்பா, நான் பாக்குற சிவப்பும் நீ பாக்குற சிவப்பும் ஒண்ணுதானா?" என்று மகள் ஆறு வயதில் கேட்டாள். அவருக்குப் பதில் தெரியவில்லை. மகள் மறந்துவிட்டாள், இவரால் முடியவில்லை. விஷுவல் எஃபெக்ட்ஸ் கல்லூரியில் நிறப் பாடம் நடத்தும் ஆசிரியராகவே ஆகிவிட்டார். மாணவர்கள் வைத்த பெயர் கலர் சார்.

அந்தக் கலர் சார் இப்போது, மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று, புது மானிட்டரில் தன் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

முகம் மஞ்சளாக இருந்தது.

லேபில் ஏற்கெனவே பத்து மானிட்டர்கள் உண்டு. ஒன்று எல்லாரையும் வெயிலில் வாட்டியது போலக் காட்டும், ஒன்று குளிரில் விறைத்தது போலக் காட்டும். "உள்ள நிறத்தை உள்ளபடி காட்டுற மானிட்டர் ஒண்ணாவது வேணும் சார். இல்லேன்னா பிள்ளைங்க எதைப் பாத்துக் கத்துக்கும்?" என்று முதல்வரின் பின்னாலேயே ஒரு வருடம் அலைந்து வாங்கியது இது.

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய ஸ்டூடியோவிலிருந்து நிறப் பிரிவின் தலைவி வருகிறார். மாணவர் செய்த ஷாட்டுகளை இந்த மானிட்டரில் பார்த்து, ஒரே ஒருவருக்கு வேலை தரப் போகிறார். வகுப்பிலேயே கெட்டிக்காரி, வாயே திறக்காததால் 'மியூட்' என்று பெயர் வாங்கிய பெண். அப்பா இல்லாத வீட்டுக்கு அவள்தான் மூத்தவள். இந்த வேலை அவளுக்கு வேண்டும்.

அவளுடைய ஷாட்டில் கொந்தளிக்கும் கடல், கப்பல், தளத்தில் வெள்ளைச் சட்டையோடு கேப்டன். நடிக்க ஆள் கிடைக்காமல் கலர் சாரே, பிறகு கடலைச் சேர்ப்பதற்கான பச்சைத் திரைமுன் நின்று கொடுத்திருந்தார். பழைய மானிட்டர்களில் கேப்டன் ஜோராக இருந்தார். புதியதில்தான் இந்தக் கோலம்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"நிறத்துல நான் கையே வைக்கலை சார்" என்றாள் மியூட், தனக்கே கேட்காத குரலில்.

நிறம் அளக்கும் கருவியைச் சிலந்தி மாதிரி திரையில் தொங்கவிட்டார். இருபது நிமிடம் அளந்துவிட்டு, எல்லாம் சரி என்றது கருவி. மறுபடி தொங்கவிட்டார். மறுபடியும் சரி. முகம் மட்டும் மஞ்சள்.

"சுவர்தான் காரணம். ரோஸ் சுவர் கண்ணை ஏமாத்துது."

மாணவர்கள் சாம்பல் துணி வாங்கி நாலு சுவரையும் மூடினார்கள். காற்றோட்டம் போனது. மஞ்சள் போகவில்லை.

"அப்போ வெளிச்சம்தான்."

ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, டியூப் லைட்டுகளையும் கழற்றச் சொன்னார். பார்வையிட வந்த முதல்வர் இருட்டில் நாற்காலியோடு மோதி, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"சார், இது லேபா, குகையா?" என்றார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "பத்து கம்ப்யூட்டர் விலையை இந்த ஒண்ணுல கொட்டியிருக்கோம். வர்றவங்க முன்னாடி மானத்தை வாங்கிச்சுன்னா, மறுநாளே கடைக்குத் திருப்பி அனுப்பிடுவேன்."

"மானிட்டர்ல தப்பிருக்காது சார்."

"பின்னே யார்கிட்ட?"

கலர் சார் திரும்பி மியூட்டைப் பார்த்தார். அங்கேதான் ஆரம்பித்தது அவளுடைய கஷ்டகாலம்.

பச்சைத் திரையின் சாயல் முகத்தில் ஏறியிருக்கிறது, எடு என்றார். எடுத்தாள். முகம் கத்தரிக்காய் நிறமானது. மஞ்சளைக் குறை என்றார். குறைத்தாள். வெள்ளைச் சட்டை நீலச் சட்டையானது, கேப்டன் கப்பல் பெயின்டர் போல ஆனார். சட்டையை மட்டும் வெளுத்துவிடு என்றார். வெளுத்தாள். சட்டை அலை நுரையோடு கரைந்து, தலை தனியாக மிதந்தது.

"சார்..." என்று மியூட் முதல் தடவையாகத் தானாகவே வாய் திறந்தாள். "முதல்ல எடுத்ததுல சட்டை வெள்ளையாத்தான் இருக்கு. நிறம் சரிபாக்க நீங்க கையில வச்சிருந்த சாம்பல் அட்டையும் சாம்பலாத்தான் இருக்கு. முகம் மட்டும்தான் சார்..."

"அப்போ என் மூஞ்சிதான் சரியில்லைங்கறியா?"

வகுப்பு சிரித்தது. அவள் மறுபடி மியூட் ஆகிவிட்டாள்.

புதன்கிழமை, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, மறுபடி பச்சைத் திரைமுன் நின்றார். புதிதாக எடுத்த ஷாட்டில் முகம் முன்னைவிட மஞ்சள்! கேமராவையும் சந்தேகப்பட்டு, கேமராக்காரனோடும் சண்டை போட்டார். மதிப்பெண் ஏட்டில் மியூட்டின் பெயருக்கு நேரே பத்துக்கு நாலு போட்டு, 'கவனக்குறைவு' என்று எழுதினார்.

மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதமாக வெளியூரில் இருந்த மனைவி போனில் கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?"

"முக்குக் கடையில வாங்கி வச்சிருக்கேன். பாத்தாலே குமட்டுது."

"குரலே சரியில்லையே."

"ஒரு வாரமா அந்த மானிட்டர் உயிரை வாங்குதுடி."

"நல்லா அதையே கட்டிக்கிட்டு அழுங்க!"

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கலர் சார் லேபில் தனியாக மியூட்டின் கோப்புகளைத் திறந்தார். பதினோரு ஷாட்டுகள் இருந்தன. முதலாவதைத் தவிர மற்ற பத்தின் பெயரிலும் 'சார் சொன்னது' என்று எண்ணோடு எழுதியிருந்தாள். முதலாவது மட்டும் அவள் செய்தது.

ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவருக்குப் புரிந்தது. கெட்டதெல்லாம் தான் சொல்லிக் கெட்டது. அந்தப் பெண் ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் செய்திருக்கிறாள். மஞ்சள் ஏன் என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஆனால் தன் எரிச்சலை ஒரு பிள்ளையின் தலையில் இறக்கி வைத்தது பாவம் என்று தெரிந்தது.

பத்து ஷாட்டுகளையும் ஒதுக்கிவிட்டு, முதல் ஷாட்டைத் திரையிடும் பட்டியலில் வைத்தார். ஏட்டில் நாலை அடித்து ஒன்பது போட்டார். 'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'சொன்னதைப் பொறுமையாகச் செய்தாள். குறை ஆசிரியருடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கடவுளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பழி மானிட்டர்மேல் வந்தாலும் தன்மேல் வந்தாலும் சரி, அவள்மேல் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, இருட்டு மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். நிற்கத் தெம்பில்லை.

மூன்று மணிக்கு ஸ்டூடியோத் தலைவி வந்தார். மியூட்டின் ஷாட் ஓடியது. அவர் ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

முதல்வர் முந்திக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க மேடம். மானிட்டர் கோளாறு. நாளைக்கே திருப்பி அனுப்பிடறோம்."

"சாம்பல் அட்டை வச்சு எடுத்ததைக் காட்டுங்க."

காட்டினார்கள்.

"அட்டை சாம்பல், சட்டை வெள்ளை. கடலும் இயல்பா இருக்கு. இந்த முகத்தை அழகுபடுத்தணும்னு தோணாம, உள்ளபடி விட்டது யாரு?"

மியூட் பயந்துகொண்டே கை தூக்கினாள்.

"இந்த நேர்மைதான் எங்களுக்கு வேணும். திங்கட்கிழமை வேலைக்கு வந்துடும்மா."

மியூட்டின் கண் கலங்கியது. கலர் சார் மூலையில் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"ஆமா, நடிச்சவர் யாரு?"

"நான்தான் மேடம்" என்று இருட்டிலிருந்து ஈனக்குரல் வந்தது.

தலைவி எழுந்து போய் ஜன்னல் திரையைச் சர்ரென்று விலக்கினார். ஒரு வாரமாக அந்த அறைக்குள் வராத வெயில் நேராகக் கலர் சாரின் முகத்தில் விழுந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

தலைவி முதல்வரிடம் திரும்பினார்.

"மானிட்டரை எங்கேயும் அனுப்பாதீங்க சார். இவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, மஞ்சக்காமாலை கண்ணு வரைக்கும் ஏறியிருக்கு!"